பிலவேந்திரன் காயவைத்த மாத்திரை

அனுமந்தன்பட்டி பிலவேந்திரனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவனுக்கு நெல் காயப்போடத் தெரியும். பாறையில் பரப்பிய நெல்லில் ஒன்றை எடுத்து முன்பல்லில் கடிப்பான். 'கடக்' என்றால் அள்ளச் சொல்வான். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு அவன் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

மலைமேல் பெரியாற்று அணை வேலை நடந்த காலம் அது. போனவர்களில் பாதிப்பேர் குளிர்காய்ச்சலோடு திரும்பினார்கள். வைத்தியர் ஞானசிகாமணி காய்ச்சலை இறக்கும் கொயினாப் பட்டைத்தூளைப் பிசினில் பிசைந்து, மாத்திரை உருட்டி அணைக்கு அனுப்புவார். நிழலில் உலர்த்திய மாத்திரை ஆடிச் சாரலில் பூசணம் பிடித்தது. உடனே அந்த வேலையைப் பிலவேந்திரனிடம் விட்டார். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

அவன் நெல்லுக்குச் செய்ததையே மாத்திரைக்கும் செய்தான். வெயில் கண்ட நேரமெல்லாம் கொதிக்கும் பாறையில் பரப்பினான். கடித்துப் பார்த்துப் பார்த்து, பல் நோகும்வரை விடவில்லை. பூசணம் போயிற்று. மலைப்பாதையில் மூட்டை உருண்டாலும் ஒன்றும் உடையவில்லை. வைத்தியருக்கு ஒரே பூரிப்பு. வயிற்றுக்குள் போனால் இது கரையுமா என்று இரண்டு பேரில் ஒரு மடையனாவது யோசிக்க வேண்டாமா?

பிலவேந்திரனின் தங்கை பாக்கியத்தின் புருஷன் சூசைமுத்து, அணையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து விழுந்தான். பிலவேந்திரனே மாத்திரை கொண்டுவந்து விழுங்க வைத்தான். காய்ச்சல் இறங்கவில்லை. மலச்சட்டியைக் கொட்டப் போன பாக்கியம், அதில் மாத்திரை முழுங்கியது முழுங்கியபடியே கிடப்பதைக் கண்டாள். இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்று அண்ணனிடம் கெஞ்சினாள்.

"இடிச்சா வீரியம் போயிரும். வைத்தியரே மெச்சுனாக, நீ நான் காயவச்சதுல குத்தம் சொல்ல வந்துட்டியாக்கும்" என்று சீறிவிட்டு, பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டான். வேளை தவறாமல் தன் கையாலேயே முழுசாகக் கொடுத்தான். அப்படித்தான் ஒரு மனுஷனைக் கொன்றான். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது பாக்கியம் அழவில்லை. சட்டியிலிருந்து பொறுக்கிக் கழுவி வைத்திருந்த மாத்திரைகளை அண்ணனின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"கடிச்சுப் பாருண்ணே. காஞ்சிருச்சான்னு சொல்லு."

ஒன்றில்கூட விரிசல் இல்லை. அவன் ஒன்றையும் கடிக்கவில்லை.

அதற்கப்புறமும் நெடுநாள் உயிரோடு இருந்தான். நெல் காயப்போடக் கூப்பிட்டால் போவான். கையால் அளைந்து பார்ப்பான், கடிக்க மாட்டான். பாவம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை.