அண்ணன் காதும் அம்மாவின் சங்கிலியும்

அம்மாவின் சங்கிலியை ஒரே ஒரு நாள் போட்டுக்கொள்ளக் கேட்டு, மூன்றாம் வகுப்பு முழுக்க அழுதவள் நான். தொலைத்துவிடுவேனாம். அதே சங்கிலி அண்ணன் கழுத்தில் ஏறியபோது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

ஒன்பதாவது படித்த அண்ணனுக்குச் சடுகுடுதான் உயிர். அப்பாவுக்கு அது ஆகாது. இனி ஆடினால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஏர் பிடிக்க அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு சாயங்காலம் கீழப்பழுவூர்ப் பொட்டலில் ஆடினான். பாடிப்போனவனை ஐந்து பேர் விழுந்து அமுக்கியதில், ஒருத்தன் முழங்கால் அவன் காதை நசுக்கிவிட்டது. ஓரமாக நின்று நான் பார்த்தேன். விசில் ஊதிய பெரிய மனிதரும்தான் பார்த்தார். விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்று, காதைத் தண்ணீரால் துடைத்து மறுபடி ஆட அனுப்பினார் அந்த மகராசன்.

காலையில் காது பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. தூங்கி எழுந்தபோதே இப்படித்தான் இருந்தது என்று அண்ணன் கூசாமல் சொன்னான். அத்தை தாடையைத் தடவிப் பார்த்து, பொன்னுக்கு வீங்கி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதற்குக் கழுத்தில் பொன் போட வேண்டும், ஊசி மட்டும் போடவே கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். தாடையல்லவா வீங்க வேண்டும், காது எதற்கு வீங்குகிறது என்று அந்த வீட்டில் ஒரு பெரியவருக்காவது தோன்றியதா?

பள்ளிக்கூடம் கிடையாது, வேளாவேளைக்குப் பால்சோறு, கழுத்தில் தங்கம். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அண்ணன் என்னை வைக்கோல்போருக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

“அப்பாகிட்ட சொல்லிப்புடாத. நாளைக்குக் குளிக்கிறப்ப சங்கிலிய உனக்குப் போட்டு வுடுறேன்.”

சொன்னபடி போட்டுவிட்டான், கால் மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள், வீக்கம் வடியாமல் கல்லாக இறுகிய பிறகுதான் அரியலூருக்கு பஸ் ஏறினோம். வீட்டில் விட ஆளில்லை என்று என்னையும் கூட்டிப்போனாள் அம்மா. டாக்டர் காதைத் தொட்டதுமே, அடிபட்டது என்றைக்கு என்று அண்ணனைக் கேட்டார். அவன் உண்மையைக் கக்கிவிட்டான். டாக்டர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கே வந்திருந்தா ஊசியால ரத்தத்த எடுத்துட்டு இறுக்கக் கட்டுப் போட்டிருப்பேன். இனிமே இந்தக் காது சுருங்கித்தாம்மா கெடக்கும். இவன் அடிபட்டத வீட்ல ஒருத்தருமா பாக்கல?”

“யாரும் பாக்கலீங்க” என்று அழுதாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னவன் அண்ணன், பொன் போடச் சொன்னவள் அத்தை, ஆட அனுப்பியவர் விசில்காரர். திட்டு மட்டும் அம்மாவுக்கா? இது என்ன நியாயம் என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். டாக்டர் கேட்டது என்னைத்தான் என்பது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.