சுண்ணாம்பு அண்ணன்

எட்வின் இறந்த செய்தி எனக்கு ஓசூரிலிருந்து வந்தது. கடத்தூரில் அவர் வீடு என் தெருவுக்கு அடுத்த தெரு. நம் வாலிபர் குழுவில் இருந்த ஹெப்சிதான் போன் செய்தாள். “டீச்சர், சுண்ணாம்பு அண்ணன் போயிட்டாருங்களாம். உங்களுக்கு யாரும் சொல்லலைங்களா?” யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

நம் சபையாருக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கோடை விடுமுறையில் வாலிபர்களை மலைக்கிராமங்களுக்கு ஊழியத்துக்கு அழைத்துப்போனது அவரும் நானும். வேனில் ஏறும் முன் தவறாமல் சொல்வார்: “குடுக்கப் போறோம்னு நெனைக்காதீங்க. அவங்க வூட்டுக்கு விருந்தாளியாப் போறோம்.”

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அதே குழுவில் இருந்த ஜான்சன் அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

வத்தல்மலையில் ஒரு சிற்றூர். நாங்கள் தங்குவதற்குப் பொதுக்கட்டடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதன் முன்சுவரில் கரியால் கோடு, வட்டம், ஏணி போல ஒன்று, இலை போல ஒன்று என்று வரிசையாக வரைந்திருந்தது. காலையில் எட்வின் ஊர்ப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தார். பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்து, வேனில் கொண்டுபோயிருந்த சுண்ணாம்பை இறக்கச் சொல்லி, “வெள்ளையடிச்சிடலாம், வாங்க” என்றேன். “அண்ணன் வந்துரட்டுமே டீச்சர்” என்றாள் ஹெப்சி. “அவர்தான் அடிக்கச் சொன்னார்” என்றேன். அவர் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று சொன்ன பொய் அது.

சுண்ணாம்பு காய்வதற்குள் குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றார். “யாருங்க எங்க முறையை அழிச்சது?”

வெயில் காலத்தில் ஊற்றில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பதற்கான குறிகள் அவை. “இன்னிக்கு எங்க முறை. எதைக் காட்டி நான் தண்ணி கேக்கறது?” என்று கேட்டார். எட்வின் அப்போதுதான் திரும்பி வந்தார். “அண்ணன்தாங்க அடிக்கச் சொன்னாரு” என்றான் ஜான்சன். எட்வின் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “ஆமாங்க. தப்பு என்மேலதான்” என்றார்.

வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், “யார் உடைத்தது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பல நிமிடம் ஆனாலும் காத்திருப்பேன். குற்றம் செய்த பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அன்று அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

எட்வின் கரித்துண்டோடு வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவராக வந்து தங்கள் குறியை வரைந்தார்கள். யாருக்கு முன் யார் என்பதில் மதியம்வரை வாக்குவாதம். கடைசியில் அந்தப் பெண்ணின் முறை அன்றுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். குடத்தைத் தூக்கியவர் எட்வினிடம், “எழுத்துத் தெரியாதவங்க எழுத மாட்டாங்கன்னு நெனைச்சிட்டீங்களா சாமி?” என்று கேட்டார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அது எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகள் கேட்பார்கள்: “அண்ணா, இந்த வருசம் எந்த ஊருச் செவுரு?” அவரும் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிறகு, வியாழக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். வாலிபர் கூட்டம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே சிரிப்பு வரும். அப்படி ஒரு மாலையில் கேட்டேன்: “பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடட்டுங்களா?”

“நான் இல்லாதப்ப சொல்லுங்க டீச்சர். என்னைக் கிண்டல் பண்ண அதுங்களுக்கு வேற என்ன இருக்குது?” என்றார்.

இப்போது அவர் இல்லை. ஜான்சன், ஹெப்சி, மற்ற பிள்ளைகளே, அந்தச் சுவரை அழிக்கச் சொன்னது நான். அவர் சொன்னதாக உங்களிடம் பொய் சொன்னதும் நான்.

அது தெரிந்த ஒரே மனிதர், கடைசிவரை என்னை ஒரு மாற்றுக் குறைத்துப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பார்வைதான். இனி உங்களுக்கும் தெரியும். ஊருக்கு வந்தால் வியாழக்கிழமை மாலை ஆலயத்துக்கு வாருங்கள். நான் மட்டும்தான் இருப்பேன்.