உட்கார்ந்து தாண்ட வேண்டிய மேடு

மாடம்பாக்கத்துக்குப் பின்னால், இன்னும் வீடு எழும்பாத ஒரு காலி மனையில், ஏழு மாதமாக ஒரே மண்மேட்டில் ஏறி விழுந்துகொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மண்மேடுகளில் தாவுகிற டர்ட் பைக்கை முதலில் ஓட்ட ஆரம்பித்தது என் கணவர்தான். காறை எலும்பு உடைந்ததும் அவர் நிறுத்திவிட்டார். பைக்கைக் கொடுத்துவிட மனம் வராமல் நான் எடுத்துக்கொண்டேன்.

இடம் ஒரு ஹார்டுவேர் கடைக்காரருடையது. ஒரு காலத்தில் அவர்கள் வீட்டில் அங்கே நெல் போட்டார்களாம். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும், அவருக்கும் பைக் பைத்தியம். பொக்லைன் வைத்து இரண்டு மேடு போட்டு, நடுவில் பள்ளம் விட்டிருந்தார். முதல் மேட்டில் ஏறிப் பறந்து, இரண்டாவதின் மறுசரிவில் இறங்க வேண்டும். புறப்படும் இடத்துக்குப் பின்னாலேயே காம்பவுண்டு சுவர் என்பதால் வேகம் எடுக்க இடம் கிடையாது. அதனால், மற்ற மேடுகளில் எழுந்து நிற்பதுபோல நிற்காமல், இதில் சீட்டில் அழுத்தி உட்கார வேண்டும். பின்சக்கர ஸ்பிரிங் அமுங்கி, உச்சியில் எகிறும்போது வண்டியையும் தூக்கிவிடும்.

எனக்குத் தூக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறு காலையும் முன்சக்கரம் இரண்டாவது மேட்டின் முகத்தில் போய் இடித்தது. மணிக்கட்டு வீங்கும். திங்கட்கிழமை போர்டில் எழுதும்போது இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொள்வேன். பிள்ளைகள் கேட்டால், “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்” என்பேன். எத்தனை முறைதான் வழுக்கும்?

கடைக்காரர் சுலபமாகத் தாண்டுவார். எப்படி என்று கேட்டால் தலையைச் சொறிவார். “எனுக்கு வருதுக்கா. எப்டி வருதுன்னு கேட்டா இன்னா சொல்றது?”

வீட்டில் கணவர் வெந்நீர்ப் பையோடு வருவார். “இன்னிக்கும் அதேதானா?” “அதேதான்.” போகப் போக அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். பையை மட்டும் வைத்துவிட்டுப் போவார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த வாரம் அது. கண் எரிச்சலோடுதான் போனேன். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் இடித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

“எனக்கு வராது தம்பி. வண்டிய நீங்களே வெச்சுக்கோங்க.”

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “ஒரே ஒரு தபா போக்கா. நா பாக்கல. சவுண்ட மட்டும் கேக்கறேன்.”

மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். போனேன். இடித்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் முகத்தில் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது.

“உச்சிக்கு வரும்போது சவுண்டு கம்மியாவுதுக்கா. ஆக்சிலரேட்டர வுட்டுர்ற.”

“நான் குறைக்கவே இல்லையே?”

“நீ கொறைக்கல. உன் கை கொறைக்குது.”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அடுத்த முறை நானும் சத்தத்தைக் கவனித்துக் கேட்டேன். உண்மைதான். பள்ளம் கண்ணில் பட்டதும், என்னைக் கேட்காமலே என் கை தளர்ந்தது. ஏழு மாதம் உட்காரும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, பயம் கையில்தான் இருக்கிறது என்பது தெரியாமல் போயிருக்கிறது.

அதற்கடுத்த முறை பள்ளத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். அது குறையவில்லை. ஸ்பிரிங் அமுங்கியது, எகிறியது; கீழே எதுவும் இல்லாத ஒரு கணம். பிறகு இரண்டு சக்கரமும் மறுசரிவில் மெத்தென்று இறங்கின. எங்கும் இடிக்கவில்லை என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வண்டியைச் சாய்த்துவிட்டு அப்படியே மண்ணில் படுத்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அத்தனை வாரத்து அலுப்பும் அப்போதுதான் மொத்தமாக உடம்பில் இறங்கியது.

அவர் ஓடி வந்தார். “சூப்பர்க்கா! இன்னொரு தபா போ, வீடியோ எடுத்துக்கறேன்.”

“இன்னிக்கு வேணாம் தம்பி.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ முடிஞ்சுதா?”

“தெரியல,” என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. புழுதியைக்கூடக் கழுவாமல் சோபாவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. யாரோ என் பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார்கள்.