மாடிச் சுவருக்கு அடித்த பெயிண்ட்

பயப்படுவதில் ஞானாம்பாளுக்குப் பதினெட்டு வருட அனுபவம் உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தபோது, 'ஆடிட் வருது' என்று யாராவது சொன்னால் போதும், வருகைப் பதிவேட்டைத் திருத்த ஓடுவாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே சுவருக்குப் பெயிண்ட், கழிப்பறைக்குப் புது சோப்பு, தையல்காரர்களுக்கு மனப்பாடம். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அவளே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆடிட்காரர்களிடம் அவள் ஒரு தடவைகூட உண்மை பேசியதில்லை. பேசியிருந்தால் அடுத்த வாரம் வேலை இருந்திருக்காது.

திருப்பூரை அடுத்த மங்கலத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பம் அவளுடையது. தறியும் போய், கணவனும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கம்பெனிக்குப் போனாள். கண் மங்க ஆரம்பித்ததும் கம்பெனி கைகழுவிவிட்டது. வெள்ளைத் துணியில் கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தானே அங்கே சம்பளம். கறை இருந்தால் ரிஜெக்ட், அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பிறகு தனபால் வேலை கொடுத்தார். ஏற்றுமதி செய்கிறவர், நாற்பது வயதுக்காரர், தங்கமான மனிதர். மங்கலத்துக்கு வெளியே இருக்கும் அமராவதி விலாஸ் அவருடைய பாட்டனாரின் அப்பா கட்டிய ஓட்டல். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே பதினொரு அறை, பின்னால் மாட்டுவண்டிகளை அவிழ்த்துப் போட்ட களம். ஒரு காலத்தில் பருத்தி வியாபாரிகள் வாரக்கணக்கில் தங்கிப் போன இடம். இப்போது மெஷின் ரிப்பேருக்கு வருகிறவர்களும் கல்யாணக் கூட்டமும் தங்குகிறார்கள். ஞானாம்பாளுக்கு மேனேஜர் என்று பெயர். பின்கட்டில் ஓர் அறையில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறாள். ஐம்பத்தாறு வயதில் அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

அந்த ஓட்டலை இடித்துவிட்டு குடோன் கட்ட வேண்டும் என்று தனபாலின் பங்காளிகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று தனபால் மனுப் போட்டிருந்தார். பார்வையிட ஆள் வருகிற நேரம் பார்த்து அவர் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை போன் செய்தார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கமிட்டில இருந்து வர்றாங்க. இதுல தேறுனாத்தான் ஓட்டலு நிக்கும். கொஞ்சம் பாத்துக்குங்க."

"நீங்க கவலப்படாதீங்க தம்பி. நான் பாத்துக்கறனுங்க."

பார்த்துக்கொண்டாள். இரண்டே நாளில் விரிசல் விட்ட தளத்தைச் சுரண்டி டைல்ஸ் ஒட்ட வைத்தாள். பழைய பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டு ஸ்டீல் குழாய் போட்டாள். மாடி வராந்தாவில் ஒரு சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கருப்புக் கருப்பாகத் திட்டு விழுந்து கிடந்தது. பெயிண்டர் சுப்பையன் அதன் முன்னால் நின்று தயங்கினான்.

"அம்மா, இது என்னமோ படமாட்டத் தெரியுதுங்க. வேண்டாமுங்க, உட்டுரலாம்."

"கறைங்கறேன், படங்கறயே. மொதல்ல அதத்தான் அடிக்கோணும்."

இரண்டு கோட்டிங் அடித்ததும் சுவர் தந்தம் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் வியாழக்கிழமை அவளுக்குச் சோறே இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தனபால் மறுபடி கூப்பிட்டார்.

"சொல்ல மறந்துட்டனுங்க்கா. அந்த மாடிச் செவுர மட்டும் ஆரும் தொடாமப் பாத்துக்குங்க. அவங்க வர்றதே அதுக்குத்தான். பருத்தி மூட்டைக்கு மார்க் போடறதுக்கு முந்தி வியாபாரிக அச்சுல மையத் தொட்டு அந்தச் செவுத்துலதான் அழுத்திப் பாப்பாங்களாமா. ஆளுக்கொரு படந்தான் மார்க்கு. முந்நூறுக்கு மேல இருக்குமுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

"செரிங்க தம்பி" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஈரத்துணியோடு மாடிக்கு ஓடினாள். தேய்க்கத் தேய்க்கத் துணியில் வெள்ளைதான் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அறைக்குப் போய்த் தன் நாலு சேலையையும் பையில் எடுத்து வைத்தாள்.

பத்து மணிக்கு அனுப்ரியா வந்தாள். கட்டடக்கலை படித்தவள், கமிட்டியின் ஆள், முப்பது வயதுகூட இருக்காது. பழக்கதோஷத்தில் ஞானாம்பாள் இலை போட்டு உபசரிக்கத் தொடங்கினாள். ஆடிட்காரர் வயிறு நிறைந்தால் படியேற மாட்டார் என்பது கம்பெனியில் கற்ற வித்தை. இட்லி, பணியாரம், இன்னொரு பணியாரம், காபி. இந்தப் பெண்ணோ எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "மாடிக்குப் போலாங்களாம்மா?" என்றாள். ஞானாம்பாள் அவள் பின்னால் படியேறினாள்.

சுவரைப் பார்த்ததும் அனுப்ரியா பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். தனபால் மனுவோடு வைத்திருந்த ஒரே படம், பத்து வருடத்துக்கு முன் இந்த வராந்தாவில் எடுத்த கல்யாணப் படம். மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒரு மயிலும் பாதிக் கலப்பையும் தெரிந்தன. படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாருங்கம்மா அடிச்சது?"

பாக்கிப் பெயிண்டை எடுத்துப் போக வந்த சுப்பையன் வாளியோடு அங்கேயே நின்றிருந்தான். இந்தக் கேள்விக்குக் கம்பெனியில் ஒரே பதில்தான் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுங்க, தெரியாமப் பண்ணீட்டான். அந்தப் பதில் அவளுடைய நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அது சுப்பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான். வேண்டாம் என்று சொன்னவன் அவன் ஒருத்தன்தான்.

"நாந்தாங்க கண்ணு" என்றாள் ஞானாம்பாள். "அவன் வேண்டாமுன்னுதான் சொன்னான். நாந்தான் கறைன்னு நெனச்சு அடிக்கச் சொன்னேன்."

அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அனுப்ரியா கோபிக்கவில்லை. சின்னக் கத்தியால் மூன்று இடங்களில் சுரண்டினாள். மூன்றிலும் பெயிண்டோடு மார்க் இருந்த பழைய சுண்ணாம்பும் பொடிந்து விழுந்தது.

"இந்தச் செவுரு இல்லீன்னா இது ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதாங்கம்மா. ஒரே ஒரு வழி இருக்குது. எந்த மார்க் எங்க இருந்துதுன்னு தெரிஞ்சவங்க ஆராச்சும் ஒக்காந்து வரைஞ்சு குடுத்தா, ஆவணமா வெச்சுக் கேட்டுப் பாக்கலாம். ஒரு மாசம் டைம் தர்றேன்."

அனுப்ரியாவின் வண்டி கிளம்புவதற்குள் ஞானாம்பாள் தனபாலைக் கூப்பிட்டாள். தள்ளிப்போட்டால் சொல்லும் தைரியம் போய்விடும் என்று பயம்.

"தம்பி, செவுர நான் அழிச்சுப்போட்டனுங்க." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "பைய எடுத்து வெச்சுட்டனுங்க. சாவிய ஆருகிட்டக் குடுக்கட்டும்?"



"எங்கயும் போயிராதீங்க அக்கா" என்றார் தனபால். "எங்கப்பாவும் இல்ல. நான் சின்ன வயசுல பாத்ததோட செரி. ஆறு வருசமா அந்தச் செவுத்துக்கு முன்னால தெனமும் கூட்டிப் பெருக்குனவங்க நீங்கதான். எது எங்க இருந்துதுன்னு ஒவ்வொண்ணா யோசிச்சு வரைங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

கணக்குப் பிள்ளையின் மேஜையிலிருந்து நீளத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சுவருக்கு எதிரில் உட்கார்ந்து கண்களை இறுக மூடினாள். போட்டோவில் பார்த்த மயில் வந்தது, பாதிக் கலப்பை வந்தது. அதற்கு அடுத்தது என்ன? அதற்கு மேலே? காலையில் வந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடமும் தினம் தினம் அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறாள். எங்கெங்கே கறை இருந்தது என்பது அவளுக்கு அங்குலம் அங்குலமாக ஞாபகம் இருந்தது. அது என்ன உருவம் என்று ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை.