சபாபதியின் இடது கன்னம்

பிரிக்ஃபீல்ட்ஸ் கள்ளுக்கடையில் சபாபதி என்ன சொல்கிறார் என்று யாரும் காது கொடுப்பதில்லை. அவருடைய இடது கன்னத்தைத்தான் பார்ப்பார்கள்.

ரயில்வேயில் பெட்டி கழுவுகிற வேலை அவருக்கு. மாலையில் பானை திறந்ததும் முதல் குவளை அவர் கைக்குப் போகும். ஒரு வாய் எடுத்து, அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே உருட்டி, ஓரமாகத் துப்பிவிடுவார். குடிக்கமாட்டார். "குடிக்கிறவனுக்கு ருசி எப்படித் தெரியும்? அவனுக்குத் தாகந்தான் தெரியும்" என்பார். அப்புறம் கடை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். கன்னம் அசையாவிட்டால் சரக்கு தப்பித்தது. துடித்தால் தொலைந்தது.

அவரிடம் நாலே தீர்ப்பு இருந்தது. சாமிக்கு ஆகும். சம்பந்திக்கு ஆகும். சாவுக்கு ஆகும். சாக்கடைக்கு ஆகும். சாமிக்கு ஆகும் என்று அவர் சொல்லிவிட்டால், தண்டவாள ஓரத்து முனீஸ்வரனுக்கு முதல் பங்கை அவரே கொண்டுபோய் ஊற்றவேண்டும் என்பது கடை வழக்கம். அந்தச் சிரமம் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. கடை கன்ட்ராக்டர் ராதாகிருஷ்ணன் கள்ளில் தண்ணீரையும், தண்ணீர் தெரியாமலிருக்க சக்கரீனையும் கலக்கிறவர். அவர் சரக்கு பெரும்பாலும் சாக்கடைக்கே சிபாரிசானது.

ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தக் கன்னத்துக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி மாறுதலுக்காக மரவள்ளி மாவில் ஒரு தோசை. அந்தத் தோசையைச் செருப்புக்கு அடித்தோல் போடலாம். காப்பி என்ற பெயரில் ஏதோ ஒரு கொட்டையைக் கருக்கிக் காய்ச்சிய தண்ணீர். எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பனை எண்ணெய். மனைவி பவுனம்மாள் தட்டை வைப்பாள், கன்னம் துடிக்கும், அவள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவாள். வீட்டில் அதற்கு மேல் பேச்சு வார்த்தை கிடையாது.

மருமகன் நாகையா நேர் எதிர். எதைப் போட்டாலும் "நல்லாருக்கு அத்தே, இன்னுங் கொஞ்சம்" என்று தட்டை நீட்டுவான். சபாபதிக்கு அதுதான் பொறுக்காது. "அது நாக்காடி? மாட்டுத் தோலை வெட்டி வாயில ஒட்டி வச்சிருக்கான்" என்று பவுனம்மாளிடம் முணுமுணுப்பார். ஆனால் மகள் புஷ்பவல்லிக்கு அவன் என்றால் உயிர். இப்போது அவளுக்கு நிறைமாதம்.

அந்த நாகையாதான் அகப்பட்டுக்கொண்டான். நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. ஒரு சாயங்காலம் கள்ளுக்கடையைச் சுற்றி லோரிகள் வந்து நின்றன. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். குவளையில் மிச்சமிருந்ததை வீணாக்க மனமில்லாத நாகையா பிடிபட்டான். ஸ்டேஷன் சரக்கு ஷெட்டில் போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் ராத்திரி சயாமுக்கு ரயில். சயாமில் காட்டை வெட்டித் தண்டவாளம் போடுகிறார்களாம். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை.

புஷ்பவல்லி அழவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு அழுதே இருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் ராதாகிருஷ்ணன் நின்றார். கள்ளுக்கடையோடு இப்போது அவருக்கு மொழிபெயர்ப்பு உத்தியோகமும் இருந்தது. அவருடைய ஜப்பான் பாஷையில் முக்கால் பங்கு குனிந்து கும்பிடுவதுதான்.

"சபாபதி, ஒரு வேலை இருக்குலா. கிள்ளான் பக்கம் ரப்பர் பால் எடுக்கிற ஒரு கித்தாத் தோட்டத்துத் துரை, பெல்ஜியம் தேசத்துக்காரன், ஓடுறப்ப ஒரு பெட்டி பீரை விட்டுட்டுப் போய்ட்டான். நம்ம கேப்டன் கையில சிக்கிருக்கு. மத்தியான ரயில்ல சிங்கப்பூர்லேர்ந்து கர்னல் வர்றாரு. விருந்துல வைக்கணுமாம். வெசமா, கெட்டுப்போச்சா, நல்லதா, ஒண்ணும் தெரியலே. நீ வந்து பார்த்துச் சொல்லு."

"ஏன், நீங்க பாக்கக்கூடாதா கன்ட்ராக்டரே? உங்க கடைச் சரக்கைக் குடிச்சே உசுரோட இருக்கீங்க. இது என்ன பண்ணிரும்?"

"என் சரக்கை நான் எப்பலா குடிச்சேன்?" என்றார் ராதாகிருஷ்ணன் வெள்ளந்தியாக. பிறகு குரலைத் தணித்தார். "நல்லாருக்குன்னு சொல்லு. கர்னலும் ரசிச்சிட்டார்னா உன் மருமவனை விட்டுருவாங்க. பேசிட்டேன்."

"நல்லால்லேன்னா?"

"ரயில்ல இன்னும் எடம் இருக்கு."

"நான் நல்லாருக்குன்னு சொல்லி, கர்னல் துப்பிட்டார்னா?"

"அப்பவும் எடம் இருக்கு."

விஷம் பார்க்க நாய் போதும், ருசி பார்க்கத்தான் ஆள் வேண்டும்; இரண்டுக்கும் சேர்த்துச் சிக்கனமாகத் தான் ஒருவன் கிடைத்திருப்பது சபாபதிக்குப் புரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பொய் சொல்லத்தான் போகிறார். அதில் அவருக்குத் தயக்கமில்லை. வாயைச் சமாளித்துவிடலாம். கன்னத்தை என்ன செய்வது?

ரயில்வே பங்களா வராந்தாவில் மேசை போட்டிருந்தது. கேப்டன் சின்னப் பையன் போலிருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி பளிச்சென்று சுத்தம். பாட்டில் தடித்துக் கறுத்திருந்தது. தக்கையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே ஒட்டிய காகிதத்தில் ஒரு மொட்டைத்தலைச் சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். சாமியார் காய்ச்சுகிற பீராம்.

கம்பியை அவிழ்த்ததும் தக்கை துப்பாக்கி வெடித்தாற்போலப் பறந்தது. வாசலில் நின்ற சிப்பாய் உண்மைத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். நுரை பொங்கி, வெளுக்கிற கல்லில் சவுக்காரத் தண்ணீர் ஓடுவது போல மேசையில் ஓடியது.

அந்த நேரம் ராதாகிருஷ்ணன் கேப்டனிடம் குனிந்து ஏதோ சொல்லி, தன் இடது கன்னத்தை விரலால் தட்டிக் காட்டினார். ஆளைச் சிபாரிசு செய்தது தானாயிற்றே என்ற பயம் பாதி, பழைய சாக்கடைத் தீர்ப்புகளின் கடுப்பு பாதி. கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சபாபதியின் இடது பக்கமாகவே உட்கார்ந்தார். வாளை மடியில் வைத்துக்கொண்டார்.

சபாபதி குவளையை மூக்கருகே கொண்டுபோனார். முதலில் அழுகின வாழைப்பழம். ஈ மொய்த்துத் தோல் கறுத்து, பாசார்ச் சந்தை முடிந்தபின் தரையில் கிடக்குமே, அது. அதன் பின்னால் கிராம்பு. சொத்தைப் பல்லுக்கு வைத்து எடுத்த பஞ்சின் கிராம்பு. ஒரு வாய் எடுத்தார். கருகிப்போன வெல்லப்பாகு நாக்கில் ஒட்டியது. நமுத்த திராட்சை. அடுத்து இருமல் மருந்து. அதற்கும் அடியில் ஒரு கசப்பு, இத்தனை நேரம் எங்கே போயிருந்தேன் தெரியுமா என்பது போல வந்து நின்றது. போதாக்குறைக்கு நெஞ்சுக்குள் நெருப்பு.

வழக்கம்போலப் பூந்தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"துப்பாதே!" என்று ராதாகிருஷ்ணன் அலறினார். "துப்பினா மரியாதைக் கொறைச்சல். முழுங்கு!"

முழுங்கினார். வாழைப்பழமும் கிராம்பும் பஞ்சும் பாகும் வரிசையாக உள்ளே இறங்கின. கேப்டன் குவளையை மறுபடி நிரப்பி, முழுதும் என்று சைகை காட்டினார். கண் கன்னத்தைவிட்டு நகரவில்லை.

இரண்டாவது குவளை பாதி இறங்கியபோது கன்னத்தில் துடிப்பு அரும்பியது. சபாபதி பல்லைக் கடித்தார். புஷ்பவல்லியை நினைத்தார். பூட்டிய ஷெட்டை நினைத்தார். கன்னம் யாருக்கும் கட்டுப்படுகிற ஜாதியா? துடித்தது. உதடு கோணியது. புருவம் ஏறியது. கேப்டனின் கை வாளின் பிடிக்குப் போனது. இனி அடக்க முடியாது என்று தெரிந்த அந்த நொடியில், சபாபதி அடக்குவதை விட்டுவிட்டார்.

"ஏஏஏய்ய்!"

பங்களா அதிர்ந்தது. சபாபதி தலைமுடியை உதறிக்கொண்டு எழுந்தார். கண் மேலே செருக, நாக்கு வெளியே தொங்க, உடம்பு முழுக்க உதற, வராந்தாவில் ஆடினார். வயிற்றிலிருந்து வந்த குமட்டலுக்கெல்லாம் இப்போது ஒரு கௌரவம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை குமட்டும்போதும் "ஹூம்! ஹூம்!" என்று உறுமினார்.

ராதாகிருஷ்ணனுக்கு யோசிக்க நேரமில்லை. பழக்க தோஷம். தடாலென்று காலில் விழுந்தார். "சாமி! முனியா! தெரியாமப் பேசிட்டேன் சாமி!"

"எனக்கு ஆகும்டா!" என்று முனீஸ்வரன் கர்ஜித்தார். "இது எனக்கு ஆகும்! எனக்கு ஒரு புட்டி எடுத்து வை! எம்புள்ளைய ஷெட்டுலேர்ந்து எடுத்து வெளிய விடு! எவன்டா என் சரக்குல தண்ணி கலக்குறது?"

கடைசிக் கேள்வியை மட்டும் ராதாகிருஷ்ணன் மொழிபெயர்க்கவில்லை. தரையில் கிடந்தபடியே மற்றதைச் சொன்னார். கேப்டன் எழுந்து நின்று, கொஞ்சம் யோசித்து, தலையைத் தாழ்த்தினார்.

விருந்து முடிகிறவரை சபாபதி தோட்டத்துப் பக்கம் குந்தியிருக்க வேண்டும் என்று உத்தரவு. குந்தினார். வயிற்றுக்குள் பெல்ஜியம் புரண்டு புரண்டு படுத்தது. திறந்த ஜன்னல் வழியே கர்னல் தெரிந்தார். கனத்த ஆசாமி, மீசை நரைத்திருந்தது. இந்த நாட்டுத் தெய்வமே இறங்கி வந்து கேட்டு வாங்கிய பானம் என்று கேப்டன் நீளமாக முன்னுரை சொல்வதை ராதாகிருஷ்ணன் அவ்வப்போது ஜன்னலுக்கு வெளியே பெயர்த்தார்.

கர்னல் ஒரு வாய் குடித்தார்.

சபாபதி அந்தக் கன்னத்தைப் பார்த்தார். அரும்பியது. கோணியது. அது தன்னுடைய கன்னமேதான்! ரயிலில் இரண்டு இடம் போட்டாயிற்று என்று நினைத்துக் கண்ணை மூடினார். திறந்து பார்த்தால், கேப்டன் கர்னலுக்கு முன்னால் பயபக்தியோடு குனிந்து நிற்கிறார். தெய்வம் இவருக்கும் இறங்கிவிட்டதாம். தெய்வமே இறங்கின பிறகு கர்னல் எப்படித் துப்புவார்? மடக்கென்று முழுங்கிவிட்டு, "நல்லது" என்று உறுமினார். அவ்வளவுதான். மேசையிலிருந்த அத்தனை அதிகாரிகளும் குவளையைத் தூக்கினார்கள். அத்தனை கன்னமும் துடித்தது. ஒருவர்கூட மூச்சுவிடவில்லை. ஒரு பட்டாளத்துக்கே சாமி வந்திருந்தது.

வெயில் தாழ்ந்தபோது ஷெட் கதவைத் திறந்து நாகையாவைத் தள்ளிவிட்டார்கள். முனீஸ்வரனுக்கென்று ஒரு புட்டியும் சபாபதி கைக்கு வந்தது. மாமனும் மருமகனும் தண்டவாள ஓரமாக நடந்தார்கள். முனீஸ்வரன் கோயில் மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சபாபதி புதருக்குள் ஓடி, பெல்ஜியத்தை நாட்டைவிட்டு வெளியேற்றினார். வாயைத் துடைத்துக்கொண்டு சாமி முன்னால் வந்து நின்றார்.

"முனியா, உன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு, வேற வழி தெரியலே. அதுக்காக இந்தக் கண்றாவியை உனக்கு ஊத்தமாட்டேன். சாக்கடைக்குத்தான் ஆகும்." புட்டியைக் கால்வாய் பக்கம் கொண்டுபோனார்.

"இருங்க மாமா, இருங்க!" நாகையா புட்டியைப் பிடுங்கினான். கம்பியை முறுக்கி, தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தான். அது வெடித்து அவன் நெற்றியில் பட்டது. அவன் கவலைப்படவில்லை, பொங்கின நுரையை உறிஞ்சினான். நிறுத்தாமல் குடித்தான். சபாபதி அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சலனம் இல்லை. மாட்டுத் தோல்.

ஏப்பம் விட்டான் நாகையா. "நல்லாத்தானே இருக்கு மாமா? இன்னுங் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கலாம்லா."

சபாபதியின் இடது கன்னம் துடித்தது. இந்தத் தடவை சாமி வரவில்லை.

"சம்பந்தி வீட்டுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு, மகள் காத்திருக்கும் வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் நாகையா, புட்டியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுக்கு நாக்கை நீட்டியபடி வந்துகொண்டிருந்தான்.