கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஆடு

எங்கள் டிரைவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று டிப்போவில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். நான் அவருடைய கண்டக்டர். பல வருஷமாக ஒரே வண்டியில் வேலை. அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "போலாமா அண்ணே?" என்று கேட்பேன், தலையை ஆட்டுவார். குறுக்கே வருகிறவனை ஹாரனாலேயே திட்டுவார். அந்த ஹாரனில் கோபம், கெஞ்சல், நக்கல் எல்லாம் இருக்கும். மனிதர் மட்டும் மூச்சு விடமாட்டார். நானோ வாயாடி. சும்மா இருந்தால் எனக்குத் தலை வலிக்கும். எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் போட்ட டிப்போ மேனேஜருக்கு என் மேல் என்ன கோபமோ தெரியாது.

எங்கள் வண்டியின் கடைசி நிறுத்தம் பல்கலைக்கழக நூலகத்தின் வாசல். அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்தினால், அடுத்த டிரிப்புக்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். நான் எதிரே டீக்கடைக்குப் போவேன். அவர் நூலகத்துக்குள் போவார். படிப்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் குளிர்ந்த குடிநீர் உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு, ஏசி உண்டு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று பஸ் ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் நூலக வாசலில் வேன் நின்று, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறக்கினார்கள். பழைய கப்பல் வியாபாரக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்திருந்த அபூர்வப் புத்தகங்களைப் பல்கலைக்கழகம் வாங்கியிருந்தது. பேப்பரில்கூடப் படம் வந்தது. துணைவேந்தர் ஒரு புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். எல்லாரும் பார்க்கட்டும் என்று சில புத்தகங்களைக் கீழ்த்தளத்துக் கூடத்தில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே, கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்தார்கள். ஒரே பக்கம் திறந்தபடி கிடந்தால் வெளிச்சம் பட்டுத் தாள் கெட்டுவிடுமாம். அதனால் திங்கட்கிழமைதோறும் பெட்டிக்குப் பொறுப்பான மேடம் வந்து, பூட்டைத் திறந்து, ஒரு தாளைப் புரட்டிவைத்துவிட்டுப் போவார்.

டிரைவர் தண்ணீர் குடித்துக்கொண்டே அதில் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். சின்னப் புத்தகம்தான். கப்பல் சமையல்காரன் ஒருவன் சொல்லச் சொல்ல யாரோ எழுதி, எந்தக் காலத்திலோ அச்சிட்டது. எழுத்துக்கு மேல் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு நடுவே இடைவெளி கிடையாது. நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே கண்ணைக் கட்டியது. அவர் விடவில்லை. நெரிசலுக்குள் சந்து கண்டுபிடித்து நுழைவதே அவர் பிழைப்பு அல்லவா?

கதை இதுதான். நடுக்கடலில் புயலடித்துக் கப்பல் உடைந்துபோகிறது. சிலர் மட்டும் ஒரு சின்னப் படகில் தப்பிக்கிறார்கள். கப்பல் தலைவன், அவன் மனைவி, சமையல்காரன், நாலைந்து மாலுமிகள், கூடவே பாலுக்காகக் கப்பலில் வளர்த்த ஒரு வெள்ளாடு. ஆட்டைப் படகில் தூக்கிப் போட்டவன் சமையல்காரன். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை. கையிலிருந்த சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது. எல்லாருடைய கண்ணும் ஆட்டின் மேல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது டிரைவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, ஆடு கடல் தண்ணி குடிக்குமா?" என்று கேட்டார். நான் சில்லறையைக் கீழே கொட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சிக்னலுக்குச் சிக்னல் கதை வந்தது. சிவப்பு விளக்கு நீளமாக எரியட்டும் என்று வேண்டிக்கொண்ட கண்டக்டர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பழகின வீடுதான். மகள் கல்யாணமாகித் தூரதேசம் போனதிலிருந்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பயணிகள் மாதிரிதான் இருந்தார்கள். சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் ஏதாவது பேசவேண்டும் இல்லையா? நான் போனால் நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் சொல்லிவிட்டு வருவேன்.

இந்தத் தடவை படியேறும்போதே சத்தம் கேட்டது. அண்ணி பீன்ஸ் நறுக்குகிற கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பால் குடுக்கற ஆட்டை வெட்டணும்னு சொல்றானே, அவனுக்கு மூளை இருக்கா? ஒரு நாள் கறி திங்கலாம். மறுநாள் என்ன பண்ணுவான்?"

"புல்லே இல்லாம பால் எங்கேர்ந்து வரும்? பாவம், அவனுக்குப் பசி" என்றார் டிரைவர்.

"எனக்கும்தான் பசிக்குது. அதுக்காக உங்களை வெட்டறேனா?"

டிரைவர் சிரித்தார், வீடு அதிர. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "திங்கக்கிழமை வந்தா ரெண்டு பக்கம் கொண்டு வர்றார் தம்பி. வாரம் பூரா அதையேதான் பேசறோம். படுத்தப்புறம்கூடப் பேசறோம்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆடு பிழைப்பதும் சாவதும் அப்புறம். அந்த வீடு அந்த இரண்டு பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வாரம், மாலுமி ஒருவன் படகின் விளிம்பில் கத்தியைத் தீட்டுவதோடு பக்கம் முடிந்தது. அண்ணி வாரம் முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தார். அடுத்த திங்கட்கிழமை, வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக டிரைவர் இறங்கி ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டியில் ஏதோ பழைய வரைபடங்கள் இருந்தன. புத்தகத்தைக் காணோம்.

மேடம் அங்கேதான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"இங்கே இருந்த புத்தகம் எங்கே மேடம்?"

"உள்ளே எடுத்து வெச்சாச்சு. வெளிச்சத்துல ரொம்ப நாள் இருந்துடுச்சு. இனிமே இருட்டறையிலதான்."

"எத்தனை நாளைக்கு?"

"சில வருஷமாவது இருக்கணும்."

டிரைவர் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டை வெட்டினாங்களா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ஆடு? நான் புரட்டி வைக்கறதோட சரிங்க. படிக்கலை."

வாரா வாரம் தன் கையால் புரட்டிவிட்டு, ஒரு வரி படிக்கவில்லையாம்! எனக்கு வந்ததே ஒரு கோபம். பிறகு யோசித்தேன். நானும்தான் நாள் முழுக்க டிக்கெட் கொடுக்கிறேன். யார் எதற்காக எங்கே போகிறார்கள் என்று எவரையாவது கேட்டிருக்கிறேனா?

படிப்பறையில் கேட்டு வாங்கிப் படிக்கலாமாம். ஆனால் அதற்கு அட்டை வேண்டும். அட்டை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்தான். வெளியாள் என்றால் என்ன ஆராய்ச்சி என்று சொல்லவேண்டும், உள்ளே வேலை பார்க்கிற ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும்.

"நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பஸ் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு அண்ணி கேட்டதற்கு, "இந்த வாரம் பக்கம் மாத்தலை" என்றாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்ன கையோடு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மறுநாள் அந்த ஒரு பேச்சும் இல்லை. அண்ணி எனக்குப் போன் செய்தார். "வேலையில ஏதாவது பிரச்சனையா தம்பி? மறுபடியும் பேச்சு நின்னு போச்சு" என்றார். அந்த வீட்டில் பழைய அமைதி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று பயமாக இருந்தது. வண்டியிலும் அப்படித்தான். பிரேக் போட்ட போட்டில் பயணிகள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். ஹாரன்கூட அடிக்கவில்லை அவர்.

அடுத்த டிரிப்பில் டீயை விட்டுவிட்டு நானே நூலகத்துக்குள் போனேன். ஆராய்ச்சி, கீராய்ச்சி என்று எதையாவது அடித்துவிடலாம் என்றுதான் போனேன். மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில் பொய் வரவில்லை. பேச்சில்லாத வீடு, பீன்ஸ் கத்தி, அந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ரெண்டு பேரும் இதைத்தான் பேசிக்கறாங்களா?"

"இதை மட்டும்தான் மேடம்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தையே போட்டார். ஆராய்ச்சி எதைப் பற்றி என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கடற்பயணத்தில் கால்நடை' என்று எழுதினார். இவ்வளவு உண்மையான விண்ணப்பம் அந்த நூலகத்துக்கு அதற்கு முன் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விடுமுறை நாளன்று டிரைவர் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். பேனாவை வெளியே வைக்கச் சொன்னார்கள். புத்தகத்தை ஒரு சின்ன மெத்தையின் மேல் சாய்த்து அவர் முன்னால் வைத்தார்கள். எனக்கு அட்டை கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். மேடம் எதிரே உட்கார்ந்து காவல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை இழுத்து டிரைவருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு தானும் படிக்க ஆரம்பித்தார்.

உங்களைக் காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆடு பிழைத்தது. ஆனால் அது எனக்குத் தெரியவந்தது பல வாரங்கள் கழித்துத்தான். ஏன் என்று கேளுங்கள்.

டிரைவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அண்ணே, ஆடு?"

"அவகிட்டதான் முதல்ல சொல்வேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அது நடை இல்லை, ஓட்டம். விடுவேனா? நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பக்கம் மாற்றவில்லை என்றது பொய், புத்தகத்தை உள்ளே எடுத்துவிட்டார்கள், அட்டை வாங்கியாயிற்று, உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறேன். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன். அந்த ஆடு இருக்கு இல்ல..."

அண்ணி எழுந்து வந்து அவர் வாயைக் கையால் பொத்தினார். ஓரத்தில் ஒருவன் நிற்பதையே மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"சொல்லாதீங்க. அடுத்த ரெண்டு பக்கம் மட்டும் சொல்லுங்க. மீதி அடுத்த வாரம்."

"அண்ணி, எனக்கு மண்டை வெடிச்சிடும்" என்றேன்.

"வெடிக்கட்டும்" என்றார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

டிரைவர் அண்ணியின் கையை மெதுவாக விலக்கினார். "உனக்கு ஆடு என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?"

"ஆடு எப்படியோ போகட்டுங்க. எனக்கு நீங்க பேசணும்."

டிரைவர் மடிக்காமல் கிடந்த போர்வையின் இரண்டு முனைகளைத் தூக்கி, மறுமுனைகளை அண்ணியின் கையில் கொடுத்தார். "கத்தி தீட்டினவன் நிமிர்ந்து பார்க்கறான். ஆட்டுக்கு முன்னாடி சமையல்காரன் வந்து உட்கார்ந்திருக்கான்" என்று ஆரம்பித்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.