மலை ஏறினால் ஊமையாகும் ஹெட்செட்

1. ஒரே பஸ், ஒரே புகார்

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வெள்ளிமலை பஸ் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்றதும், அதிலிருந்து இறங்கிய பாதிப் பேர் நேராக எங்கள் கடைக்கு வந்தார்கள். செல்போன் ரீசார்ஜ், கவர், சார்ஜர், ஹெட்செட் விற்கிற சின்னக் கடை. அவ்வளவு கூட்டம் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. நான் வாங்கிப் போட்ட மாடலுக்கு இப்படி ஒரு கிராக்கியா என்று பூரித்துப் போனேன்.

முதலில் வந்தவர் தனம் சிஸ்டர். மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், தினமும் போய் வருகிறவர். பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்துக் கண்ணாடி கவுண்டர் மேல் போட்டார்.

"இன்னா வசந்தி, இன்னா ஹெட்செட்டு குடுத்த நீ? மலை ஏறசொல்ல லெஃப்ட்டு பக்கம் செத்துப் பூடுது."

பின்னாலேயே குமரேசன் சார். மலையில் ஸ்கூல் வாத்தியார். "எனக்கு ரைட்டுமா," என்றார், ஏதோ கூட்டணி சேர்கிற மாதிரி. அவருக்குப் பின்னால் நின்றவருக்கு ரெண்டு பக்கமும்.

எல்லாவற்றையும் கடை போனில் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீரென்று பாடின. சாரின் காதிலேயே வைத்துக் காட்டினேன்.

"இங்க பாடுது. மேல பாடல," என்றார் அவர்.

வந்த அத்தனை பேருக்கும் புதுசாக மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அதே ஆட்கள், அதே புகார், கூடவே இன்னும் நாலு பேர்.

2. நான் ஏன் அதை எடுத்தேன்

எங்கள் முதலாளி பாஷா பாய் நல்ல மனிதர். ஆனால் சரக்கு எடுப்பதில் சென்னை ஏஜென்ட் எதைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொள்வார். காதில் நிற்காத கெட்டி பிளாஸ்டிக் ஹெட்செட்டாக வந்து குவியும். நான் பல வருஷமாக ஓரத்து டேபிளில் உட்கார்ந்து போன்களுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டே இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலானவள். "ஒரே ஒரு வாட்டி நான் எடுக்கறன் பாய்," என்று நச்சரித்து, அந்த முறைதான் அனுமதி வாங்கினேன்.

ஏஜென்ட் கொண்டுவந்த சாம்பிள்களைக் கடைக்குள் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஃபேன் சத்தத்தில் எல்லா ஹெட்செட்டும் நல்லாத்தான் பாடும். அதனால் சாம்பிள்களைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த திருக்கோவிலூர் பஸ்ஸின் பின்னால் போய் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கண்டக்டர் இறங்கி வந்து, "ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்று கேட்டார். "அண்ணா, இன்னும் ஒரு பாட்டு," என்றேன்.

அப்படித்தான் அந்த மாடலைப் பிடித்தேன். ரப்பர் முனை மூன்று சைஸ், காதை அப்படியே அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தம் உள்ளே வராததால் வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை. போனில் குத்துகிற பின் ‘எல்’ எழுத்து மாதிரி வளைந்திருந்தது. நேர் பின் என்றால் பாக்கெட்டில் போனோடு உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தே வயர் அறுந்துவிடும். வயரும் சிக்காத தட்டை வயர். விலையும் நானூறுக்குள்.

வயர் இல்லாத பட்ஸ் இந்த ரூட்டுக்கு லாயக்கில்லை என்பது ஏற்கனவே தெரியும். குமரேசன் சாரின் ஒரு பட்ஸ் கொண்டை ஊசி வளைவில் ஜன்னல் வழியாகப் பறந்தது. அவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பாதி பஸ் இறங்கி புதரில் தேடியும் கிடைக்கவில்லை. மீதி ஒன்றை இன்னமும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், எதற்கென்று கேட்டால் கோபம் வரும்.

இத்தனை பார்த்து எடுத்த சரக்குக்குத்தான் இந்தக் கதி. பாய் கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உன் மேல கோவம் இல்லமா. சனிக்கெழமைக்குள்ள இன்னான்னு பாரு. இல்லன்னா பாக்ஸக் கட்டி ரிட்டன் அனுப்பிடலாம். நீ மறுபடியும் கார்டு டேபிளுக்கே பூடு, அங்க உன் கை நல்லாருக்கு."

கார்டு டேபிள். அந்த டேபிளுக்குத் திரும்பக் கூடாது என்று அடம் பிடித்தது மனசு. காலையில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

3. புளி

பையில் சீல் பிரிக்காத புதுப் பீஸ்கள். இந்தப் பக்கம் தனம் சிஸ்டர், எதிர் சீட்டில் குமரேசன் சார், ரெண்டு பேர் காதிலும் என் ஹெட்செட். கச்சிராயபாளையம் தாண்டும் வரை சிஸ்டர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கோமுகி அணை பின்னால் போய், பஸ் மலையில் வளைய ஆரம்பித்தது. ரெண்டாவது மூன்றாவது வளைவிலேயே சார் முகம் சுருங்கியது. வலது காதைத் தட்டினார்.

"பாத்தியா, போச்சு."

புதுப் பீஸைப் பிரித்து என் காதில் மாட்டினேன். கொஞ்ச தூரம் நன்றாகப் பாடியது. இன்னும் ரெண்டு வளைவு ஏறியதும் என்னுடையதும் போயே போய்விட்டது. பாட்டுக்காரர் கிணற்றுக்குள் இருந்து பாடினார். அப்போது எனக்கு அழுகையே வந்தது. சரக்கு முழுக்க டுபாக்கூர், பாக்ஸைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அழுகையை முந்திக்கொண்டு வாந்தி வந்தது. நான் தரைப் பக்கத்து ஆள், மலை ரோடு ஒத்துக்காது. ஹெட்செட்டைப் பிடுங்கி மடியில் போட்டு, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தேன். பின் சீட்டில் இருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி என் தோளைத் தட்டி, "இந்தாக்கா, இத்த வாயில போடு," என்று ஒரு கொட்டைப் புளியைக் கையில் வைத்தாள். அந்த பஸ்ஸில் வாந்திக்கு எல்லாரும் போடுவது அதுதான்.

போட்டேன். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது. வாய் முழுக்க ஊறியதை ஒரு முழுங்கு முழுங்கினேன். ரெண்டு காதிலும் டப்பென்று ஒரு சத்தம். திடீரென்று இன்ஜின் உறுமல், கண்டக்டர் விசில், முன் சீட்டுக் குழந்தை அழுகை எல்லாம் காதுக்குள் வந்து கொட்டின. எதற்கும் பார்க்கலாம் என்று ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன். கணீரென்று பாடியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹெட்செட் சாகவே இல்லை. அடைத்துக்கொண்டது எங்கள் காது. கீழே மாட்டிய ரப்பர், கீழேயிருந்த காற்றையும் சேர்த்து உள்ளே பூட்டிக்கொண்டே மலை ஏறியிருக்கிறது; மேலே போகப் போக வெளிக் காற்று லேசாகிவிட, பூட்டிய காற்று காதை அடைத்திருக்கிறது. பழைய கெட்டி பிளாஸ்டிக் லொடலொடவென்று கிடந்ததால் அந்த வம்பே இல்லை. மேலே போனதும் எல்லாரும் கழற்றிப் பையில் போட்டு வேலையைப் பார்ப்பார்கள். சாயங்காலம் கீழே கடைக்கு வரும்போது காது சரியாகிவிடும், ஹெட்செட்டும் பாடும்.

4. கொட்டாவி

"சிஸ்டர், கயட்டுங்க. கயட்டிட்டு முழுங்குங்க," என்றேன்.

"இன்னாத்த முழுங்கறது?"

புளி அதற்குள் தீர்ந்திருந்தது. "அப்ப கொட்டாவி வுடுங்க. நல்லா வாயத் தொறந்து."

சிஸ்டர் நர்ஸ் அல்லவா, உடனே புரிந்துகொண்டார். ஹெட்செட்டைக் கழற்றி, பெரிசாக ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி மாட்டினார். "அடியே, பாடுதுடி," என்று என் தொடையில் ஓங்கி அடித்தார். அது போதும். குமரேசன் சார் கொட்டாவி விட்டார். ஹெட்செட் வைத்திருந்த எல்லாரும் கழற்றிவிட்டு ஆவென்று வாயைத் திறந்தார்கள். அவர்களைப் பார்த்து ஹெட்செட் இல்லாதவர்களுக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்க ஆ, ஆ என்று ஒரே கொட்டாவி.

டிரைவர் கண்ணாடியில் இதைப் பார்த்தார். அவருக்கும் வந்தது. ஒன்று விட்டார், அடக்கப் பார்த்தார், இன்னொன்று அதைவிடப் பெரிசாக வந்தது.

கண்டக்டர் ஆடிப்போய்விட்டார். "யோவ், யாருய்யா அது கொட்டாவி வுட்டுக்கினு கீறது? மூடுங்க வாய. டிரைவரு தூங்கிட்டா எல்லாரும் ஒண்ணா பூடுவோம்." விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். வளைவு தாண்டி, அகலமான இடத்தில் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லி, டிரைவர் மூஞ்சியில் பாட்டில் தண்ணீரை அவரே அடித்தார். டிரைவர் துடைத்துக்கொண்டே, "எனுக்கு தூக்கமே வரலயா," என்று சொல்லி மறுபடி ஒரு கொட்டாவி விட்டார். பஸ்ஸே சிரித்தது.

விசாரணையில் எல்லா விரலும் என்னைக் காட்டின. நான் விளக்கிச் சொன்னேன். கண்டக்டர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஹெட்செட்டு வித்துக்கோமா, வேணான்ல. கொட்டாவி விக்காத."

5. ஜாடி

மத்தியானம் கடைக்குத் திரும்பும் வழியிலேயே மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் எலுமிச்சை மிட்டாய் வாங்கினேன், நாக்கைச் சுருட்டுகிற புளிப்பு. பாயிடம் நடந்ததைச் சொன்னதும், டிரைவர் கொட்டாவி விட்ட இடத்தில் அவர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"ஆனா சனிக்கெழம இன்னும் வரல," என்றார். வியாபாரி அல்லவா. அன்று சாயங்காலமே மலை பஸ் ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி மிட்டாய் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. அதே கூட்டம் நேராகக் கடைக்கு வந்தது. தனம் சிஸ்டர் கையை நீட்டினார். கையில் ஹெட்செட் இல்லை.

"மிட்டாய் தீந்துபோச்சு, குடு. அப்புறம் எங்க டாக்டரம்மாவுக்கும் அதே மாடல் ஒண்ணு."

பாய் ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, ரிங் போகும்போதே போனை என்னிடம் நீட்டினார். "நீயே பேசு. அடுத்த லோடும் நீதான."

இப்போது கடைக்குப் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். கஸ்டமரிடம் விலையைச் சொல்லும் முன்னால் எந்த பஸ், எந்த ரயில் என்று கேளுங்கள். சின்னசேலத்தில் ரயிலேறிச் சேலம் போகிறவருக்கு ரப்பர் டைட்டாக இருந்தால் போதும். மலைக்குப் போகிறவருக்கு ரப்பரில் ஒரு சைஸ் சின்னதாகப் போட்டு, மிட்டாயைக் கையில் கொடுத்து, வளைவு ஆரம்பித்ததும் கழற்றி முழுங்கி மாட்டச் சொல்லுங்கள். கொட்டாவி என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

கார்டு டேபிள் அதே ஓரத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் இப்போது மிட்டாய் ஜாடி இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரும் போன மாசம் ஒரு ஜாடி வைத்திருக்கிறார், எங்களதைவிடப் பெரிசு. எதற்கு என்று கேட்டேன்.

"தெர்ல வசந்தி. நீ வச்சிக்கிற, வியாபாரம் ஆவுது, நானும் வச்சன்," என்றார்.

உள்ளே இருந்ததெல்லாம் தேங்காய் மிட்டாய், பேருக்குக்கூடப் புளிப்பு கிடையாது. ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வந்தேன்.